கண்டகை என்னும் ஆற்றங்கரையூர்

ஆஸ்திரேலியா தேசத்தைக் காணச் செல்லும் நம்மவர் பெரும்பாலும் சிட்னி, மெல்பர்ன் ஆகிய மாநகரங்களைக் கண்டு, துறைமுகப் பாலத்தின் முன்னும் இசை நாடக மாளிகையின் முன்னும் நின்று படம் எடுத்துக்கொண்டு மீள்வது வழக்கம். அவ்விரு நகரங்களையும் இணைக்கும் ஹ்யூம் நெடுஞ்சாலையை ஒரே பகலில் மோட்டார் வண்டியிற் கடந்து முடிப்பவர்க்கோ, இடையிலுள்ள ஊர்கள் எண்ணெய் நிரப்பும் இடங்களாக மட்டுமே நினைவில் நிற்கும். கண்டகை என்னும் சிற்றூரும் அவற்றுள் ஒன்று. சிட்னிக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 390 கிலோமீட்டர் தொலைவில், மரம்பிட்ஜி என்னும் ஆற்றின் கரையில், சுமார் 2,000 மக்களோடு அஃது அமைந்திருக்கின்றது. அங்கே கடல் இல்லை. மாட மாளிகை இல்லை. அரசர் எவரும் கொலுவிருந்த இடமும் அன்று. ஆயினும், சென்ற ஆண்டு ஆனித் திங்களில் அவ்வூரில் இரண்டு இரவுகள் தங்கி யாம் கண்டவை, பெருநகரங்களிற் கண்டவற்றினும் ஆழமாக எம் நெஞ்சில் தங்கினமையின், நம் கல்லூரி நண்பர்க்கு அவற்றைக் கூறத் துணிந்தோம்.

ஊரின் பெயரைத் தமிழில் எழுதுவதில் ஓர் இடர் உண்டு. 'கங்கை' என்பதன் முதலெழுத்தைப் போலவே இதன் முதலெழுத்தையும் எடுத்தொலிக்க வேண்டும், ஈற்றெழுத்தையும் அவ்வாறே. எம்முடன் வந்த தமையனார் மகன், சிட்னியில் தொழில் பார்ப்பவன், தமிழை மறவாதவன், "சித்தப்பா, இது கண்ட கையா, காணாத கையா?" என்று வண்டியைச் செலுத்திக்கொண்டே வினவினான். "கண்டபின் சொல்லுகிறோம், தம்பி, நீ சாலையைப் பார்" என்றோம். இப்பெயர் வெள்ளையர் இட்டதன்று. தொன்றுதொட்டு அவ்வாற்றங்கரையில் வாழ்ந்துவரும் விராட்ஜுரி என்னும் பழங்குடி மக்களின் மொழியிலிருந்து வந்தது. 1829-ஆம் ஆண்டில் சார்ல்ஸ் ஸ்டர்ட் என்பார் ஆறுகளின் போக்கை ஆராயும் பொருட்டு இவ்வழியே சென்றார். அடுத்த பத்தாண்டுக்குள் ஆடு மாடு வளர்ப்போர் வந்து குடியேறினர். 1838-இல் சர்க்கார் இதனை ஓர் ஊராக அறிவித்து, மனைகளை அளந்து விற்றது. எந்த இடத்தில் அளந்தது என்பதைப் பின்னர்ச் சொல்லுவோம். அதில்தான் இவ்வூரின் கதை முழுதும் அடங்கியிருக்கிறது.

சிட்னியிலிருந்து வருவோர் ஊரை அடையுமுன், 5 மைலுக்கு இப்பாலேயே, ஒரு நாயைக் காண்பர். உயிருள்ள நாய் அன்று. கட்டுச்சோற்றுப் பெட்டியொன்றின்மேல் அமர்ந்திருக்கும் வெண்கல நாய். ஆஸ்திரேலியர்க்கு இந்நாயைத் தெரியாத குழந்தை இல்லை. ரயில் வருமுன் உள்நாட்டிற்குப் பண்டங்களை ஏற்றிச்சென்றவை நீண்ட எருதுப் பூட்டுகள் பூண்ட பெருவண்டிகள். அவ்வண்டிக்காரன் ஒருவன் ஓடைச் சேற்றில் வண்டி அழுந்தி, நுகம் முறிந்து, எல்லாத் துன்பமும் ஒருங்கே வந்து நின்றபோது, அவனுடைய நாய் போய் உணவுப் பெட்டியின்மேல் அமர்ந்தது என்பது பழைய நாடோடிப் பாட்டின் பொருள். அந்நாய் 'அமர்ந்தது' என்பது சபைக்கு ஏற்பத் திருத்தப்பட்ட பாடம் என்றும், வண்டிக்காரர் வாயில் வழங்கிய பழைய பாடத்தில் வேறொரு வினைச்சொல் இருந்தது என்றும் அறிந்தோர் கூறுவர். அப்பாடபேதத்தை இவ்விதழில் அச்சேற்றுதல் பொருந்தாது. நாய்களின் இயல்பை அறிந்த வாசகர் தாமே உய்த்துணர்க. தலைவன் மீளும்வரை பெட்டியைக் காத்துக் கிடந்த நன்றியுள்ள நாய் என்னும் கதை பின்னர் எழுந்தது. நாய் இருந்த இடம் ஊருக்கு 5 மைல் என்பாரும் 9 மைல் என்பாரும் ஆக இங்கும் இருவேறு பாடங்கள் உள. பாடுவோர் பெரும்பாலும் 9 என்பர். சிலையோ 5-இல் நிற்கிறது.

இச்சிலையை 1932-ஆம் ஆண்டு நவம்பர் 28-ஆம் நாள் அக்காலத்துப் பிரதம மந்திரியாகிய ஜோசப் லயன்ஸ் திறந்துவைத்தார். உலகமெங்கும் தொழில் முடங்கிக் கிடந்த காலம் அது. வெளியூர்களிற் பரவிக் கிடந்த தம்மவரை ஒரு வாரம் ஊருக்கு வரவழைத்து விழாக் கொண்டாடிப் பணம் திரட்டி, ஊர் மருத்துவமனைக்கு உதவுவது ஊராரின் எண்ணம். நாயின் அடியிலுள்ள நீர்த்தொட்டியில் வருவோர் போடும் காசும் மருத்துவமனைக்கே சென்றது. நாய்க்கு ஒரு பிரதம மந்திரி வந்து சிலை திறப்பதா என்று நகைப்பார் நகைக்கலாம். யாம் நகைத்திலோம். காடும் மேடுமாய்க் கிடந்த வழிகளில் மாதக்கணக்காக வண்டி ஓட்டிய பெயரில்லாத மனிதர்களுக்கு ஒரு நினைவுச்சின்னம் வேண்டும் என்று எண்ணிய ஊரார், அம்மனிதர்களுடைய உருவை அறியாமையால் அவர்களுடைய நாயைத் தேர்ந்துகொண்டனர் எனவே யாம் கருதினோம்.

இவ்வூரைப் புகழ்ந்து எழுந்த பாட்டுகள் பல. அவற்றுள் மிகப் பரவியது 1922-இல் ஜாக் ஓஹேகன் என்பவர் இயற்றியது. அவரோ அதனை இயற்றியபோது ஊரைக் கண்டவர் அல்லர். நெடுங்காலம் கழித்தே வந்து கண்டார். காணாத ஊரைப் பாடுதல் புலவர்க்கு எத்தேசத்திலும் எளிது போலும்.

வண்டி ஊருக்குள் நுழைந்ததும் கலாசாலை மாணவர் எவர்க்கும் ஒரு வியப்பு உண்டாகும். ஊருக்கு மேலே நிற்கும் குன்றின் பெயர் பர்னாசஸ். கிரேக்கர் கலைத்தெய்வங்களின் உறைவிடமாகக் கொண்ட மலையின் பெயர். தெருக்களின் பெயர்களோ ஹோமர், வர்ஜில், ஓவிட், பைரன்! கடைவீதிக்கு நாடகாசிரியர் ஷெரிடன் பெயர். தெருக்களை அளந்தவர்க்குக் கையில் சங்கிலியும் பையில் கவிதை நூலும் இருந்தன போலும். "கம்பர் தெரு என்று நம்மூரில் எங்கே இருக்கிறது, சித்தப்பா?" என்று தம்பி கேட்டான். தேடிச் சொல்வதாகக் கூறி அப்போதைக்குத் தப்பினோம்.

ஷெரிடன் தெருவில் வழிப்போக்கர்க்குச் செய்தி கூறும் நிலையம் ஒன்று இருக்கிறது. அதனுள்ளே வைக்கப்பட்டிருக்கும் ஒரு பொருளை எவரும் காணாது போதல் கூடாது. ஏறத்தாழ நான்கடி உயரமுள்ள சலவைக்கல் மாளிகை அது. தூண்களும் விமானங்களும் வளைவுகளும் கொண்டு, பெரிய தேவாலயம் ஒன்றைக் கண்ணாடிக் குமிழிற் சுருக்கி வைத்தாற்போன்று தோன்றும். அதில் உள்ள கல் துண்டுகள் 20,948. ஒவ்வொன்றும் தனித்தனியே கடைந்து மெருகிட்டுப் பொருத்தப்பட்டது. செய்தவர் ஒருவரே, அவர் பிராங்க் ரஸ்கோனி. கல்லறைக் கற்கள் செதுக்கும் தொழிலாளர். செய்து முடிக்கச் சென்ற காலம் 28 ஆண்டுகள். நியூ சவுத் வேல்ஸ் நாட்டுக் கல், இத்தாலியக் கல்லுக்கு இளைத்ததன்று என்று காட்டும் பொருட்டு அந்நாட்டுச் சுரங்கங்களின் பலநிறக் கற்களையே தேர்ந்தெடுத்து, நாள்தோறும் கூலி வேலை முடிந்தபின் எஞ்சிய நேரத்திலேயே இதனை இழைத்தார். அவ்வெண்கல நாயை வடித்தவரும் இவரே. யாம் அம்மாளிகையைச் சுற்றி மும்முறை வந்தோம். 28 ஆண்டுகள் என்பதை நினைக்குந்தோறும் எமக்குத் தோன்றியது இதுதான்: ஒருவர் நம் கல்லூரியிற் சேர்ந்து, பயின்று, வெளியேறி, மணந்து, தம் மகனை அதே கல்லூரியிற் சேர்க்கும் வரையில், ரஸ்கோனி தம் பட்டறையில் ஒரே பொருளின் முன் குனிந்திருந்திருப்பார். மாளிகை அழகியதா என்று கேட்பின், சற்று மிகையான அலங்காரம் உடையது என்றே சொல்லுவோம். ஆனால் அக்கேள்வி அங்கே எழுவதில்லை.

அன்று மாலை குளிர் மிகுந்தது. ஆனி மாதம் அந்நாட்டில் மாரிக்காலம். சூரியன் மறைந்தவுடன் கையுறையின்றி நிற்க இயலாது. நயாகரா என்னும் சிற்றுண்டிச்சாலையில் தேநீர் அருந்தினோம். 1902-இல் தொடங்கப்பெற்ற இச்சாலையைக் கிரேக்க நாட்டிலிருந்து குடியேறியவர்கள் பல்லாண்டு நடத்தினர். ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுச் சிற்றூர்களில் இத்தகைய கிரேக்கர் சிற்றுண்டிச்சாலைகள் ஒருகாலத்தில் ஊருக்கொன்றாக இருந்தன. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1942-ஆம் ஆண்டில், ஒரு குளிர்ந்த நள்ளிரவில் பிரதம மந்திரி ஜான் கர்ட்டின் தம் சகாக்களுடன் வந்து இதன் கதவைத் தட்டினார். கடைக்காரர் அவர்களை அடுப்படிக்கே அழைத்துச் சென்று, மாட்டிறைச்சியும் முட்டையும் பொரித்துக் கொடுத்தார். தேயிலைக்கு அரசாங்கம் வகுத்திருந்த அளவு போதவில்லை என்று அப்போது கடைக்காரர் முறையிட்டார் என்றும், சில நாளில் அவருக்கு அளவு உயர்த்தப்பட்டது என்றும் ஊரார் சொல்லுவர். குறை கேட்க மந்திரியை அடுப்படியில் அமர்த்துவதே நல்ல வழி என்று தம்பி குறிப்பெழுதிக்கொண்டான்.

மறுநாட் காலையில் நியாயஸ்தலத்தைக் கண்டோம். 1859-இல் கட்டப்பெற்ற கற்கட்டடம். 1879-ஆம் ஆண்டின் இறுதியில் 'நிலவொளித் தலைவன்' என்று தனக்குத்தானே பெயரிட்டுக்கொண்ட ஆண்டுரு ஜார்ஜ் ஸ்காட் என்னும் வழிப்பறிக்காரனை முதல் விசாரணைக்குக் கொண்டுவந்த இடம் இது. அவன் ஒருகாலத்தில் ஆங்கிலத் திருச்சபையில் வேதம் வாசிக்கும் ஊழியனாக இருந்தவன் என்பது வியப்பு. அருகிலுள்ள பண்ணையொன்றை அவனும் அவன் கூட்டத்தாரும் முற்றுகையிட்டதில் நேர்ந்த சண்டையில் அவனுடைய உயிர்த்தோழன் ஜேம்ஸ் நெஸ்பிட் மடிந்தான். எட்வர்ட் வெப்-போவன் என்னும் காவலரும் காயமுற்று இறந்தார். ஸ்காட் சிட்னியில் 1880-ஆம் ஆண்டு ஜனவரி 20-ஆம் நாள் தூக்கிலிடப்பட்டான். கண்டகையில் நெஸ்பிட் கிடக்கும் இடத்திலேயே தன்னையும் புதைக்க வேண்டும் என்று சிறையிலிருந்து கடிதங்களில் இரந்தான். அக்காலத்து அதிகாரிகள் இணங்கிலர். அவனைச் சிட்னியிலேயே புதைத்தனர். 115 ஆண்டுகள் சென்றபின், 1995-இல், சிலர் முயன்று அவன் எலும்புகளை எடுத்துவந்து கண்டகைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தனர். உளி படாத ஒரு பெருங்கல் அங்கே நிற்கிறது. அவனால் உயிரிழந்த காவலரின் கல்லறையும் இவ்வூரிலேயே இருக்கிறது. யார்க்கு முன்னர்த் தொப்பியை எடுப்பது என்று தம்பி தயங்கினான். யாம் காவலரின் கல்லறைக்கே முதலிற் சென்றோம்.

ரயில் நிலையத்தைப் பற்றி மிகுதியாகச் சொல்வதற்கில்லை. 1886-இல் ரயில் வந்தது, இப்போது வருவதில்லை. நீண்ட மரக்கட்டடமும் வெற்று மேடையும் இருக்கின்றன. தண்டவாளத்தின்மேற் புல் முளைத்திருக்கிறது.

இனி ஆற்றங்கரைக்கு வருவோம். இவ்வூருக்குச் செல்வோர் மற்றெவற்றை விடினும் இதனை விடுதல் ஆகாது. விட்டால் ஊரைக் கண்டவராகார்.

மரம்பிட்ஜி ஆறு தென்கிழக்கே பனிமலைகளிற் பிறந்து வருவது. கண்டகையை அடையுமிடத்தில் அது பரந்த சமவெளியிற் புகுகின்றது. அவ்வெளியில் மார்லி ஓடை என்னும் கிளை, ஆற்றினின்று பிரிந்து சென்று மீண்டும் ஆற்றையே சேர்கிறது. 1838-இல் சர்க்கார் அளந்த மனைகள் ஆற்றிற்கும் அவ்வோடைக்கும் இடையே இருந்தன. மண் வளமானது, தண்ணீர் அருகில், வண்டிகள் ஆற்றைக் கடக்குந்துறையும் அதுவே. ஆதலின் கடை வைப்போர்க்கும் விடுதி வைப்போர்க்கும் அவ்விடமே விருப்பமாயிற்று. ஆனால் நீர் பெருகும்போது முதலில் நிரம்புவது பின்புறத்து ஓடை. அது நிரம்பியவுடன் ஊர் தீவாகிவிடும். மேட்டுக்கு ஓட வழி இராது. இதனை விராட்ஜுரி மக்கள் குடியேறினோர்க்கு முன்னரே எச்சரித்தனர் என்று கூறுவர். 1844-இல் ஒரு வெள்ளமும் வந்தது. மக்கள் பரண்களில் ஏறியிருந்து, நீர் வடிந்ததும் இறங்கினர். மீண்டும் அவ்விடத்திலேயே வாழ்ந்தனர்.

1852-ஆம் ஆண்டு ஜூன் 24-ஆம் நாள் இரவு பெருவெள்ளம் வந்தது. முன்போலவே பலர் பரணேறினர்; கூரையேறினர். இம்முறை வீடுகளே அடியோடு பெயர்ந்தன. ஊரில் அப்போது இருந்தவர் ஏறத்தாழ 250 பேர். அவர்களுள் மாண்டவர் 78 என்று சிலரும் 89 என்று சிலரும் கணக்கிடுவர். எக்கணக்கைக் கொண்டாலும் மூவரில் ஒருவர் ஓரிரு நாளில் மறைந்தனர் என்று ஆகும். ஆஸ்திரேலியாவின் சரித்திரத்தில் ஆற்று வெள்ளத்தால் இத்துணைப் பேர் ஓரிடத்தில் மாண்டது வேறில்லை என்பர்.

எஞ்சியோர் எஞ்சியது எவ்வாறு? மரங்களின் உச்சியிலும் இடிந்த வீடுகளின் முகட்டிலும் பற்றிக்கொண்டு கிடந்தோரை, யாரி என்னும் விராட்ஜுரி மனிதர் தம் மரப்பட்டை ஓடத்தில் ஒருவர் இருவராக ஏற்றிக் கரை சேர்த்தார். ஜாக்கி ஜாக்கி என்பார் துடுப்புப் படகொன்றைக் கொண்டு மீட்டார். அம்மக்களுள் வேறு சிலரும் அவர்களுக்குத் துணைநின்றனர். இரவும் பகலுமாக இப்பணி நடந்தது. யாரி மீட்டவர் 49 பேர். ஜாக்கி ஜாக்கி மீட்டவர் 20 பேர் என்று சொல்லப்படுகிறது.

மரப்பட்டை ஓடம் என்றால் இன்னதென்று நம் வாசகர்க்கு விளங்கும் பொருட்டுச் சிறிது சொல்லுவோம். ஆற்றங்கரையில் நிற்கும் பெரிய சிவப்பு யூகலிப்டஸ் மரத்தின் பட்டையில், ஓடத்தின் வடிவாகக் கற்கோடரியால் வரிவெட்டி, ஆப்பு வைத்து நெம்பி, பட்டையை ஒரே துண்டாகப் பெயர்த்தெடுப்பர். பின் அதனைத் தீயில் வாட்டி இளக்கி, ஓரங்கள் உள்மடியாதபடி குறுக்கே குச்சிகளை ஊன்றி விரிப்பர். மரம் இறவாது, தழும்புடன் வாழும். இவ்வோடத்திற்கு அடிக்கட்டை இல்லை. பக்கப் பலகையும் இல்லை. அமைதியான நீரில் மீன் பிடிக்கவும் அக்கரை செல்லவும் ஏற்றது. ஓர் ஆள் அசைந்தால் ஓடமும் அசையும். அத்தகைய பட்டைத் துண்டில், மாரிக்காலத்து இருளில், வேரோடு பெயர்ந்த மரங்களும் வீட்டு உத்தரங்களும் செத்த மாடுகளும் உருண்டுவரும் பிரவாகத்தின் குறுக்கே, அச்சத்தால் நடுங்கும் அயலார் ஒருவரை ஏற்றிக்கொண்டு கரைக்கு வருதல் வேண்டும். இறக்கிவிட்டு மீண்டும் நடுவெள்ளத்திற்குப் போதல் வேண்டும். யாமும் தம்பியும் கரையில் நின்று கணக்கிட்டோம். முறைக்கு இருவராகவே கொண்டாலும் 49 பேர்க்கு 25 முறை. ஒவ்வொருவராகவெனின் 49 முறை. முதன்முறை போனதற்கு வீரம் என்று பெயரிடலாம். இருபதாம் முறை போனதற்கு எப்பெயரிடுவது என்று எமக்குத் தெரியவில்லை.

அவர் மீட்டவர்கள் யார்? அவருடைய மக்களின் வேட்டைக்காட்டை வளைத்து வேலியிட்டவர்கள். அவர்கள் சொன்ன எச்சரிக்கையைச் செவியில் வாங்காதவர்கள். கரையிலேயே நின்றிருந்தாலும் அவரை எவரும் வினவியிரார்.

உயிர் தப்பிய ஊரார் நன்றி மறந்தாரல்லர். மீட்டவர்க்குப் பிறைவடிவமான வெண்கல மார்புப்பட்டம் அளித்தனர். ஊராரிடம் ஆறு பென்ஸ் காசு கேட்டுப் பெறும் உரிமையும் கொடுத்தனர். அப்பட்டத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். குடியேற்றக் காலத்தில் வெள்ளையர் தமக்கு உகந்த பழங்குடியினர்க்கு 'அரசன்' என்றும் 'தலைவன்' என்றும் பெயர் பொறித்த இத்தகைய தகடுகளைச் சங்கிலியிற் கோத்துக் கழுத்தில் மாட்டுவது வழக்கமாயிருந்தது. மதிப்பும் இழிவும் ஒன்றோடொன்று கலந்த அணி அது. யாரி 1880-இல் இறந்தார். ஊரோ வெள்ளத்தின்பின் சமவெளியை விட்டு மேட்டில் ஏறியது. அடுத்த ஆண்டே, 1853-இல், இன்னும் உயர்ந்த வெள்ளம் வந்தது, ஏறினோர் பிழைத்தனர். பர்னாசஸ் குன்றின் சரிவில் இன்றுள்ள ஊர் அவ்வாறு உண்டாயது.

ஷெரிடன் தெருவில் யாரிக்கும் ஜாக்கி ஜாக்கிக்கும் இப்போது வெண்கலச் சிலை இருக்கிறது. ஓடத்துடன் இருவரும் நிற்கின்றனர். திறக்கப்பட்ட ஆண்டு 2017. அதன் முன் நின்றபோது தம்பி சிறிது நேரம் பேசாதிருந்து, பின், "சித்தப்பா, நாய்க்கு 1932, இவர்களுக்கு 2017. நாய் எண்பத்தைந்து ஆண்டு முந்திக்கொண்டது" என்றான்.

"நாயின்மேற் பிழை இல்லையே, தம்பி" என்றோம்.

"நாயின்மேல் இல்லை. ஆனால் நாய்க்குச் சிலை வைத்தபோது இவர்கள் கதை ஊராருக்குத் தெரியாதா?"

தெரியும். அதுவே இதிலுள்ள கடினம். யாரியின் கதை கண்டகையில் ஒருநாளும் மறைந்ததில்லை. மீண்டவர்களின் மக்களும் பேரரும் சொல்லிவந்தனர். மார்புப்பட்டம் ஒன்று ஊர்ப் பொருட்காட்சிச்சாலையில் காக்கப்பட்டுவருகிறது. அறியாமையால் மறந்தார் என்பதற்கில்லை; அறிந்தே, பொதுவீதியில் வைக்க எவர்க்கும் தோன்றாதிருந்தது. வீட்டினுள் நன்றி பாராட்டுதல் வேறு. ஊர் நடுவில், வெயிலிலும் மழையிலும், வழிப்போவோர் எல்லாரும் காண வைத்தல் வேறு. முன்னதற்குக் கடன்பட்டவர் மனம் போதும். பின்னதற்கு ஊர் முழுவதும் ஒன்றை ஒப்புக்கொள்ளுதல் வேண்டும்: நாம் இங்கே இருப்பது நம் முயற்சியால் மட்டுமன்று என்று. 1932-இல் அதனை ஒப்பும் மனம் அந்நாட்டில் எங்கும் இல்லை. முன்னோடிகளின் புகழை மட்டும் பாடிய காலம் அது. ஆகவே 2017-ஐப் பிந்தியது என்று பழிப்பதற்கும், வந்ததே என்று மகிழ்வதற்கும் இடம் உண்டு. தம்பி முன்னதைச் சொன்னான். யாம் பின்னதைச் சொன்னோம். அச்சிலையின் முன் எங்கள் வழக்கு முடியவில்லை. சிலைக்கு அண்மையில் கடை வைத்திருக்கும் முதியவர் ஒருவர், "முன்னெல்லாம் வருகிறவர்கள் நாய் எங்கே என்று மட்டும் கேட்பார்கள். இப்போது சிலராவது இவர்களையும் கேட்கிறார்கள்" என்று, எவர் பக்கமும் சேராமற் சொல்லிவிட்டுத் தம் கணக்கைப் பார்க்கலானார்.

பிற்பகலில் சமவெளிக்கு இறங்கினோம். 1838-இல் அளந்த தெருக்கள் இருந்த இடம் இப்போது புல்வெளி. மாடுகள் மேய்கின்றன. வெளியின் குறுக்கே, பழைய ரயிற்பாதையின் மரப்பாலம் நூற்றுக்கணக்கான கால்களுடன் நெடுக நிற்கிறது. 1903-இல் கட்டப்பட்டது, நீளம் 819 மீட்டர். யானைக் கூட்டம் வரிசையாக நின்று உறங்குவது போன்ற தோற்றம். இதனை அடுத்து வண்டிச்சாலைக்கென 1896-இற் கட்டிய மரப்பாலம் இதனினும் நீண்டதாய், 921 மீட்டர் அளவினதாய் இருந்தது. மரம் உளுத்து ஆபத்தாயிற்று என்று 2021-இல் அதனை இடிக்கத் தொடங்கினர். பழைய படங்களில் இரண்டும் இணையாகச் செல்வதைக் காணலாம். இப்போது எஞ்சியதன் கீழும் நடக்க விடுவதில்லை. வேலிக்கு வெளியே நின்றே பார்த்தோம். ஆற்றின்மேலுள்ள இரும்புப் பாலம் இன்னும் இருக்கிறது. 1867-இல் திறக்கப்பெற்ற அது மரம்பிட்ஜியின் மேற் கட்டிய பழைய பாலங்களுள் ஒன்று. விக்டோரியா மகாராணியாரின் மகன் ஆல்பிரட் இளவரசர் பெயர் கொண்டது.

ஒரு பள்ளத்தாக்கைக் கடக்க இவ்வளவு நீண்ட பாலங்கள் எதற்கு என்று புதிதாய் வருவோர் வியப்பர். ஆறு குறுகியது, ஒரு கல்லெறி தூரம்கூட இல்லை. அன்று யாம் கண்ட நீர் பழுப்பு நிறமாய், ஓசையின்றி, கரைக்கு மிகத் தாழ்ந்து ஓடிற்று. பாலத்தின் முதற்காலிலிருந்து கடைசிக்கால் வரையில் கண்ணை ஓட்டினால்தான் வெள்ளத்தின் அகலம் விளங்கும். பாலத்தைக் கட்டியவர்கள் ஆற்றை அளக்கவில்லை, 1852-ஐ அளந்தார்கள். அவ்வகலத்தையே யாரி பட்டையோடத்தில் போய்வந்தார்.

செல்ல விரும்புவோர்க்குச் சில குறிப்பு. ஒரு பகலில் எல்லாவற்றையும் காணலாம். இரண்டு நாள் இருந்தால் நன்று. குளிர்காலத்திற் செல்வோர் கம்பளியை மறவற்க. நாயைக் கண்டவுடன் ஊரைக் கண்டதாக எண்ணி நெடுஞ்சாலையிலேயே போய்விடுவோர் பலர். 1977 முதல் நெடுஞ்சாலை ஊருக்குள் வாராமல், ஷீஹன் பாலத்தின் வழியே சமவெளிக்கு மேலாகச் சென்றுவிடுகிறது. ஊருக்குள் இறங்கும் கிளைச்சாலையைக் கவனித்துத் திரும்புதல் வேண்டும். கல்லறைத் தோட்டத்திற்கு வழியை யாரேனும் ஒருவரிடம் கேட்டுச் செல்க, விருப்பத்துடன் கூறுவர்.

மூன்றாம் நாட் காலையில் மெல்பர்னை நோக்கிப் புறப்பட்டோம். ஷீஹன் பாலத்தின்மேல் வந்தபோது கீழே சமவெளி முழுவதும் உறைபனி வெண்மையாய்ப் படிந்திருந்தது. ஓடை எது, ஆறு எது என்று மரங்களின் வரிசையைக் கொண்டே அறியலாயிற்று. தம்பி தன்னையறியாமலே வண்டியின் வேகத்தைக் குறைத்தான். பின்னால் வந்த சரக்கு லாரி ஒன்று ஊதுகுழலை ஒலிக்கவே, மீண்டும் விரைந்தான்.